மானுவின் இரண்டாவது முதல் கவளம்

எங்கள் தீவு ஊரான லேபாபாவில் மிகப் பழமையான வழக்கம் ஒன்று உண்டு. அது பிறந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் ஓய்கிற சமயத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஆராதனை முடிந்து, லேமாதுவா வீட்டில் போதகருக்கு மதிய விருந்து. விடியும் முன்னே கல் காயவைத்து இலை போட்டு மூடிய குழியடுப்பை அப்போதுதான் திறந்திருந்தார்கள். தோல் கருகிய சீமைப்பலா, தேங்காய்ப்பாலைப் பொதிந்து சுட்ட சேம்பிலை, பன்றிக்குட்டி, கல்லைப் போல் கனக்கும் சேப்பங்கிழங்கு. போதகரும் லேமாதுவாவும் தின்று முடிக்க வேண்டும், மிச்சம் பெண்களுக்கு, அதன் மிச்சம் பிள்ளைகளுக்கு. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் எனக்கு விசிறி. ஈக்கும் எனக்கும் இலையில் இருந்த உரிமை ஏறக்குறைய ஒன்றுதான்.

லேமாதுவா எங்கள் ஊரின் பேச்சுத் தலைவர். ஊருக்காகத் தலைவர்கள் சபையில் எழுந்து பேசுவது அவருடைய பட்டத்தோடு வந்த உரிமை. தோளில் போட்டுக்கொள்ளும் நார்க்குஞ்சமும் ஊன்றி நிற்கும் நெட்டைத் தடியும் அதன் அடையாளங்கள். குஞ்சம் ஈ ஓட்டுவதற்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதற்கு ஒரு ஈ கூட ஓடியதில்லை. அதற்குத்தான் நான் இருந்தேனே.

அவருடைய மடியில் பேரன் மானு. மானு என்பது நாங்கள் கூப்பிடுவது. பெயர்சூட்டு விழாவில் தாத்தா வைத்த பெயர் போதகரால் ஒரே மூச்சில் சொல்ல முடியாதது. நாலு மாதக் குழந்தை அப்போது. தாத்தாவின் கையில் இருந்த பன்றித் துண்டு மேலே போனபோது அதன் வாயும் திறந்தது.

"பையனுக்கு நாக்கு ஊறுது போலிருக்கே" என்றார் போதகர்.

வேறொருவர் சிரித்துவிட்டு அடுத்த துண்டை எடுத்திருப்பார். தன் முன்னால் விழுந்த ஒரு சொல்லையும் பேருரை ஆக்காமல் விட்டவர் அல்ல லேமாதுவா. கையைத் துடைத்தார். குஞ்சத்தைத் தோளில் போட்டார்.

"போதகர் அய்யா, தெரிந்துதான் சொன்னீர்கள். எங்கள் குலத்தில், நாளைக்குப் பட்டம் ஏற்கப் போகும் பிள்ளையின் வாயில் முதல் கவளத்தை வீட்டார் வைப்பதில்லை. ஊர் கூடியிருக்க, தேவ ஊழியரின் கை வைக்க வேண்டும். மூதாதையர் காலத்து மரபு. புது சபை மண்டபம் பிரதிஷ்டை ஆகிற அன்று, ஆக்லாந்திலிருந்து என் தம்பி வந்து நிற்க, தங்கள் கையால் இவன் உண்பான். அதுவரை இந்த வாயைத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் தீண்டாது."

அப்படியொரு மரபை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேள்விப்பட்டதில்லை என்று வாயைத் திறந்து யார் சொல்வது? எங்கள் ஊரில் படகு இல்லாமல் ஒருவன் வாழலாம், கூரை ஒழுகிக்கொண்டே வாழலாம். மரபு தெரியாதவன் என்ற பெயரோடு வாழ முடியாது. போதகர் பக்கத்துத் தீவுக்காரர். மரியாதையாகத் தலை குனிந்தார். லேமாதுவாவின் அக்கா தெலேசியா, எங்கள் பெண்கள் குழுவின் தலைவி, தான்தான் மறந்துபோனோம் போலிருக்கிறது என்று பயந்து மற்றவர்களைவிட வேகமாகத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். ஞாயிறு மதியம் பிறந்த வழக்கத்துக்குத் திங்கள் காலையில் நரை விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வலை உலர்த்துகிற இடத்தில் ஒருவன், தன் பாட்டனுக்கே அப்படித்தான் ஊட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தைக்கு நாலு மாதம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்பது ஊருக்கே தெரியும். தெலேசியா அதைத் தெரிய வைத்திருந்தாள். மண்டபமும் அதற்குள் முடிந்துவிடும் என்று பேச்சு.

மண்டபம் முடியவில்லை. கூரைத் தகடு ஏற்றிய கப்பல் வேறொரு தீவில் இறக்கிவிட்டுப் போனது. தகடு வந்தபோது ஆக்லாந்துத் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்தபோது, சுவருக்கு நீலம் அடிப்பதா வெண்ணெய் நிறம் அடிப்பதா என்று இரண்டு மூப்பர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஆண்டவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. நாள் தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. மண்டபத்துக்கு அதனால் பசிக்கவில்லை.

மானுவுக்குப் பசித்தது.

அவனுடைய அம்மா லூபே வேறு ஊர்ப் பெண். மருமகளாக வந்தவளுக்கு எங்கள் ஊரில் என்ன இடம் என்று கேட்டால், வீட்டின் பின்பக்கம் அடுப்படிக்குப் போகிற பாதையைக் காட்டுவோம். லூபே அங்கேதான் இருந்தாள். தகர மூடியால் சேப்பங்கிழங்கின் தோலைச் சுரண்டுவாள். தேங்காய் துருவிப் பிழிவாள். மாமனார் கை கழுவத் தண்ணீர் ஏந்தி நிற்பாள். பேச்சு குறைவு. பேசாதவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று லேமாதுவா முடிவு செய்திருந்தார். பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு வருகிற தப்பு அது.

புருஷன் தவீத்தா நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். நாத்தனார் ஃபேத்து மட்டும் துணை.

மானுவுக்கு ஆறு மாதம் தாண்டிய ஒரு நாள் காலையில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கடற்கரைப் பாறை ஓட்டைகளில் அலை புகுந்து தண்ணீர் புஸ் புஸ்ஸென்று மேலே பீய்ச்சிக்கொண்டிருந்தது. அடுப்படியில் மடித்த பாய்க்கு நடுவே மானு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தலை நின்றுவிட்டது, முதுகும் கொஞ்சம் நின்றது. ஃபேத்து சீமைப்பலாவைப் பிட்டு வாயில் போடப் போட, அவன் கண் பானைக்கும் அவள் வாய்க்குமாகப் போய் வந்தது, காணிக்கைப் பையைப் பின்தொடரும் மூப்பர் கண் மாதிரி. கடைசியில் பொறுக்க முடியாமல் குப்புற விழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"அண்ணி, இவன் என் கையையே தின்னுருவான் போலிருக்கு!"

"கையை எடுத்துக்க. தின்னா உங்கப்பா மரபு கெட்டுப்போயிரும்."

"நேத்து ராத்திரி பூரா அழுதானே."

"பால் பத்தல. ரெண்டு பக்கமும் உறிஞ்சிட்டு என் மூஞ்சியப் பார்க்கறான், அடுத்தது எங்கன்னு. நான் எதைக் காட்ட?" லூபே மானுவைத் தூக்கி, அவன் தொடையை விரலால் கிள்ளிப் பார்த்தாள். "இங்க மடிப்பு மடிப்பா இருந்துச்சு. இப்ப பாரு, தோல் தொங்குது."

ஃபேத்து குரலைத் தாழ்த்தினாள். "தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவோம் அண்ணி. வாழை மறைவுல உக்காந்து ஊட்டிட்டு, வாயத் தொடச்சிக் கூட்டியாந்துரலாம். யாருக்குத் தெரியும்?"

லூபே சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூண், கூரை, நடுவில் பாய், அவ்வளவுதான். கடைத்தெருவில் ஒருத்தி தும்மினால் சபை வாசலில் ஒருத்தன் ஆசீர்வாதம் சொல்வான்.

"நாளைக்கு அவன் பேதியா போனாலே நீ என்ன ஊட்டினேன்னு ஊரு வந்து மோந்து பார்க்கும். அது கிடக்கட்டும் ஃபேத்து. என் பிள்ளை வாழ்க்கையில மொதல்மொதலாச் சாப்பிடறதே திருட்டுச் சாப்பாடா இருக்கணுமா? மாட்டேன். நடுவீட்டுல உக்காந்து ஊட்டுவேன். எல்லாரும் பார்க்கணும்."

"அப்பா விடுவாரா?"

"விடமாட்டாரு. அதுக்குத்தான் வழி யோசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவீத்தா போன் செய்தான். அந்த வீட்டுப் போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஆகவே நாலு வீடு சேர்ந்து கேட்டோம்.

"லூபே, அப்பா எதாச்சும் காரணம் இல்லாமச் சொல்ல மாட்டாரு."

"காரணம் இருக்கு. மண்டபத்துக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கல."

"கேலி பண்ணாத. கொஞ்சம் பொறு. பிரதிஷ்டை அடுத்த மாசம்னு சொல்றாங்க."

"போன மாசமும் அடுத்த மாசம்னுதான் சொன்னாங்க. நீ இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"ஏன்? ஆட்டுக்கறி, ரொட்டி..."

"உன் மகன் சாப்பிடற வரைக்கும் நீ சாப்பிடாம இரு. அங்க தோட்டத்துல ஏணி மேல ஏறி நின்னு, அடுத்த மாசம் சாப்பிடுவேன்னு உங்க மேஸ்திரிகிட்டச் சொல்லிப் பாரு."

 அவன் மெதுவாக, "அப்பாகிட்ட நான் பேச முடியாது லூபே. உனக்கே தெரியும்" என்றான்.

"தெரியும். உன்னைப் பேசச் சொல்லல. நான் பேசும்போது குறுக்க வராம இரு, போதும்."

அந்த வாரம் எடை போடும் நாள் வந்தது.

மாதம் ஒரு முறை பெண்கள் குழு மண்டபத்தில் விட்டத்திலிருந்து தராசைத் தொங்கவிட்டு, ஊர்க் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் துணிக் கால்சட்டையில் மாட்டித் தொங்கவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் மாலியா வருவாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பாய் முடைவோம். எடை போடுவது நர்ஸ்; ஆனால் நாள் தெலேசியாவுடையது. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, மார்பில் குழுவின் வில்லை. கையில் ஒரு மர அகப்பை; அதைக் கொண்டுதான் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுவாள், தூங்குகிறவர்களைத் தட்டுவாள்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி?" என்று ஆரம்பித்தாள்.

"தாய்ப்பால் மட்டும்" என்றோம், ஓலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"தண்ணி?"

"கூடாது."

"கோக்கோ? சர்க்கரைத் தேத்தண்ணி? உன்னைத்தான் லோசா, வாயத் தொற."

"கூடாது அத்தை. ரெண்டு வருசம் முன்னாடியே ஒரு பெட்டி மீன் டின் கட்டியாச்சு" என்றாள் லோசா. அபராதச் சட்டம் தெலேசியா போட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஊட்டினாலும் ஒரு பெட்டி; ஆறு மாதம் தாண்டியும் ஊட்டாவிட்டாலும் ஒரு பெட்டி. லோசா பாவம், மூத்ததற்கு முந்திவிட்டாள். அடுத்ததற்குப் பயந்துபோய்ப் பிந்திவிட்டாள். போன மாதம் இன்னொரு பெட்டி கட்டினாள்.

"ஆறு மாசம் ஆனதும் அம்மா பால் மட்டும் காணாது. பிள்ளை நிமிர்ந்து உக்காருது, கையில கிடைக்கிறத வாய்க்குக் கொண்டுபோகுது, நாம திங்கறதப் பார்த்து வாயத் தொறக்குதுன்னா அது கேக்குதுன்னு அர்த்தம். மசிச்சுக் குடுக்கணும். கரண்டியக் கவுத்தா ஒழுகக் கூடாது, அந்தப் பதம். உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். ரெண்டு மூணு கரண்டியில ஆரம்பி. பாலையும் நிறுத்தாத. கேக்குற பிள்ளைக்குக் குடுக்காத தாய்..." அகப்பை உயர்ந்தது. "...தாயே இல்ல!"

சொல்லி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். நல்ல பேச்சு. தம்பிக்கு இருந்த வாய் அக்காவுக்கும் இருந்தது. அக்காவுடையதில் விஷயமும் இருந்தது.

மானுவின் முறை வந்தது. தராசில் தொங்கிக்கொண்டே அவன் அகப்பையைப் பிடிக்கக் கை நீட்டினான். முள் ஆடி நின்றது. நர்ஸ் மாலியா தராசைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"போன மாசம் நின்ன இடத்துலயே நிக்குது. இந்த வயசுல அப்படி நிக்கக் கூடாதே. என்ன குடுக்கறே லூபே?"

"நம்ம வீட்டுப் பையன் விஷயம் வேற" என்று தெலேசியா சட்டென்று குறுக்கே வந்தாள். "அடுத்தது யாரு?"

லூபே மானுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். தன் இடத்துக்குப் போகவில்லை. நடுவில் நின்றாள்.

"அத்தை, எம்மேல அபராதம் இருக்கு. வாங்கிக்கங்க."

பாய் முடைகிற கைகள் எல்லாம் நின்றன.

"என்ன அபராதம்?"

"பிள்ளைக்கு ஆறு மாசம் தாண்டிருச்சு. நிமிர்ந்து உக்காருது. வாயத் தொறந்து கேக்குது. நான் குடுக்கல. நீங்க இப்பச் சொன்னதெல்லாம் எனக்குத்தான் சொன்ன மாதிரி இருந்துச்சு. மீன் பெட்டிக்கு மாமாகிட்டச் சொல்லிருங்க. எதுக்குன்னு அவரு கேட்டா, பிள்ளையப் பட்டினி போட்டதுக்குன்னு சொல்லிருங்க."

தெலேசியாவின் முகத்தில் வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தது. அபராதம் போட்டால் தலைவியின் பிறந்த வீட்டிலிருந்தே மீன் பெட்டி வரும். அது ஊர் நடுவே தோளில் ஏறி வரும். போடாவிட்டால் நாளை முதல் அந்த அகப்பையை வைத்து அவள் குழம்புதான் கிண்ட முடியும்.

"அது... எங்க குலத்துல மரபு ஒண்ணு இருக்கும்மா."

"என்ன மரபு அத்தை அது?" என்றாள் லோசா, ஓலையை மடித்துக்கொண்டே, ரொம்பப் பணிவாக. "போன மாசமே சொல்லியிருந்தீங்கன்னா, எங்க குலத்துலயும் தேடிப் பார்த்திருப்பேன். ஒரு பெட்டி மிஞ்சியிருக்கும்."

யாரோ சிரித்தார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

லூபே கீழே உட்கார்ந்தாள். மடியில் மானு. கூடையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சுட்ட சேப்பங்கிழங்கைக் கட்டியில்லாமல் மசித்து, தன் பாலையே பீய்ச்சிக் குழைத்திருந்தாள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். ஒழுகவில்லை.

"நீங்க சொன்ன பதம் இதுதானா அத்தை?"

பெண்கள் குழு மாநாட்டுக்குப் போய் மேடையில் உட்கார்ந்து வந்தவள் தெலேசியா, சும்மா இல்லை. ஒரு நொடிதான் யோசித்தாள். அகப்பை மறுபடியும் உயர்ந்தது.

"எல்லாரும் கிட்ட வாங்க! இன்னைக்குச் செய்முறை விளக்கம்! வாயால சொன்னா உங்க மண்டையில ஏறாதுன்னுதான் நம்ம வீட்டுப் பிள்ளையையே இதுவரைக்கும் காக்க வெச்சேன். லூபே, கரண்டிய இப்படிக் குடு."

லூபே கொடுக்கவில்லை.

"விளக்கம் நீங்க சொல்லுங்க அத்தை. கை என்னோடதா இருக்கட்டும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு நடுவே கரண்டியைத் தேடி மானு கத்தினான். தெலேசியாதான் கண்ணை எடுத்தாள்.

"அம்மா கையால குடுக்கறதுதான் முறை" என்று எங்களுக்கு அறிவித்தாள்.

முதல் கரண்டி உள்ளே போனது. மானு முகத்தைச் சுளித்து, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். பாதி தாடையில் வழிந்தது. "பழகணும்! துப்பினா பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல!" என்றாள் தெலேசியா. லூபே வழிந்ததை வழித்து மறுபடி வைத்தாள். இந்த முறை தொண்டை அசைந்தது. மூன்றாவதற்கு அவனே கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அப்புறம் செய்முறை விளக்கம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தெலேசியா அகப்பையைக் கீழே வைத்தாள். நர்ஸ் மாலியா மூக்கை உறிஞ்சினாள். லூபே மட்டும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வேலை செய்கிறவள் முகம் அது.

"இன்னைக்குப் போதும். மிச்சம் சாயங்காலம்" என்று இலையை மடித்தாள்.

அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. லேமாதுவா முன்தூணில் சாய்ந்து காத்திருந்தார்; எங்களில் பட்டத்துக்கொரு தூண் உண்டு, அது அவர் பட்டத்துக்குரியது. குஞ்சம் தோளில் இருந்தது.

"யாரைக் கேட்டு ஊட்டினே?"

"பிள்ளையக் கேட்டேன் மாமா."

"உங்க ஊர்ல மரபு கிரபு எதுவும் கிடையாதோ?"

"இருக்கு. பசிச்ச பிள்ளைக்குக் குடுக்கறது."

"என் பேச்சை ஊர் நடுவுல மண்ணாக்கிட்டே. காலையில மொத பஸ்ஸுக்கு உங்கப்பன் வீட்டுக்குக் கிளம்பு. பிள்ளை இங்க இருக்கும்."

பக்கத்து வீட்டில் நான் விசிறியைக் கீழே வைத்தேன். அதைச் செய்யக்கூடியவர்தான் அவர். செய்தால் கேட்க ஆளில்லை. மருமகளுக்காகச் சபையில் எழுந்து பேச எந்தத் தூணடியிலும் ஆள் கிடையாது.

லூபே மானுவை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "சரி மாமா. ராத்திரி அவன் எழுந்தா பால் யாரு குடுப்பா? நீங்களா?"

அடுப்படியில் ஃபேத்துவுக்குப் புரையேறியது. லேமாதுவாவின் கழுத்து சுட்ட சீமைப்பலாத் தோல் மாதிரி கறுத்தது. லூபே அதைப் பார்க்க நிற்கவில்லை. உள்ளே போய்க் கிண்ணமும் கரண்டியும் எடுத்து வந்தாள். ரோட்டைப் பார்த்து, நடுப்பாயில், எந்தத் தூணுக்கும் சொந்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து, சாயங்காலப் பங்கை ஊட்ட ஆரம்பித்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். லேமாதுவா தடியை ஊன்றி எழுந்தார். மூச்சை இழுத்தார். "மூதாதையர்..." என்று தொடங்கினார்.

சங்கு ஊதியது.

சாயங்கால ஜெபச் சங்கு ஊதினால் எங்கள் ஊரில் நடக்கிறவன் நிற்க வேண்டும், பேசுகிறவன் நிறுத்த வேண்டும். லேமாதுவா போட்ட சட்டம்தான். உட்கார்ந்தார். அதற்குள் தெலேசியா வியர்க்க விறுவிறுக்க வந்து எதிர்த்தூணில் உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் தம்பி அக்காளை எதிர்த்துப் பேச மாட்டான். அக்காள் மனம் கசந்து ஒரு சொல் சொல்லிவிட்டால் அது ஏழு தலைமுறைக்குப் பலிக்கும் என்று பயம். அக்காளும் தம்பியை மற்றவர்கள் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆகவே அவர்கள் இருவரும் முகத்துக்கு முகம் சண்டை போட வழியே இல்லை. ஆண்டவர் வழியாகத்தான் போட வேண்டும்.

"பரலோகப் பிதாவே" என்று லேமாதுவா கண்ணை மூடினார், "மூத்தோர் சொல்லை மீறும் வாலிபப் பெண்களை நீர் காண்கிறீர். பிற ஊரிலிருந்து வந்து எங்கள் குலத்தின் ஒழுங்கைக் கெடுப்பவர்களை நீர் அறிவீர். அவர்கள் வந்த வழியே திரும்பிப் போக வாகனம் அருளும்."

"பிதாவே" என்று தெலேசியா, அவர் ஆமென் சொல்வதற்குள் புகுந்தாள், "என் தம்பி லேமாதுவாவுக்காக உமக்கு ஸ்தோத்திரம். மறந்துபோன மரபுகளை நினைவில் வைத்திருக்கிறவர் அவர். ஊர் நடுவே முதல் கவளம் ஊட்டுவதற்கு முன்னால், குலத்தின் அக்காள் முன்னிலையில், பெண்கள் மண்டபத்தில், பிள்ளைக்கு ருசி காட்டும் மரபு அதைவிடப் பழமையானது என்பதையும் அவர் அறிவார். அதை எனக்கு விட்டுக்கொடுத்த அவருடைய பெருந்தன்மைக்காக ஸ்தோத்திரம். அக்காளின் மனம் ஒருநாளும் கசக்காதபடி அவரைக் காத்தருளும்."

பாறை ஓட்டைகளில் கடல் சீறியது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். லேமாதுவாவும் ஒரு கண்ணைத் திறந்து அக்காளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டையும் இறுக மூடியிருந்தாள்.

"ருசி காட்டிய பிறகு" என்று தெலேசியா இன்னும் நிறுத்தவில்லை, "பிரதிஷ்டை நாள் வரைக்கும் தினமும் ருசி காட்ட வேண்டும் என்பதும் மரபு, பிதாவே."

லேமாதுவா மறுபடி மூச்சை இழுத்தார். அதற்குள் "ஆமென்" என்றது ஒரு குரல். லூபே.

ஆமென் விழுந்த ஜெபத்தை யாரும் நீட்ட முடியாது. "ஆமென்" என்றார் லேமாதுவா, முழுங்க முடியாத கிழங்கைப் போல.

காலையில் முதல் பஸ் வந்து, ஆரன் அடித்துவிட்டு, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் போனது. லூபே பப்பாளி மசித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபம் கடைசியில் பாதி நீலமும் பாதி வெண்ணெய் நிறமுமாக முடிந்தது. பிரதிஷ்டைக்கு ஊரே வெள்ளை உடுத்தி வந்தது. ஆக்லாந்துத் தம்பி கறுப்புக் கண்ணாடியும் வீடியோ எடுக்கும் போனுமாக வந்தார். தவீத்தாவும் வந்திருந்தான். யார் கேட்டாலும், மனைவி பேசும்போது குறுக்கே வராமல் இருந்ததைத் தன் பங்கு என்று சொன்னான். மானுவுக்கு ஒரு வயது நெருங்கியிருந்தது. தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. வாயில் மேலும் கீழுமாகப் பல். கையைப் பிடித்தால் நடந்தான். முன் பாய்க்கு நடத்தி வந்தபோது அவன் கையில் பாதி தின்ற சீமைப்பலா இருந்தது. ஃபேத்து பிடுங்கிப் பாவாடைக்குள் ஒளித்தாள்.

மருமகள்கள் வழக்கம்போலப் பின்னால், பரிமாறும் வரிசையில் நின்றார்கள். லூபே தண்ணீர்க் குடத்தோடு நின்றாள்.

லேமாதுவா எழுந்தார். குஞ்சம் ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குப் போனது. படைப்பிலிருந்து ஆரம்பித்து, கடல் தாண்டி வந்த மூதாதையரைத் தொட்டு, மெல்ல மானுவிடம் வந்து சேர்ந்தார்.

"...இந்நாள் வரைக்கும் தாய்ப்பாலன்றி, அவ்வப்போது காட்டப்பட்ட ருசியன்றி, வேறெதையும் அறியாத இந்த இளம் வாய்..."

ஊர் தலை குனிந்து கேட்டது. அந்தக் கூட்டத்தில் மானுவுக்கு ஊட்டாத கை குறைவு. நானே நேற்று வாழைப்பழம் கொடுத்திருந்தேன்.

போதகர் பயபக்தியோடு, தங்கக் கோடு போட்ட பீங்கானிலிருந்து கரண்டி நுனியில் துளி மசியலை எடுத்து நீட்டினார். மானு அதை முகர்ந்து பார்த்தான். கரண்டியைத் தள்ளிவிட்டு, எட்டி, போதகருக்கென்று பக்கத்தில் வைத்திருந்த பன்றி இறைச்சியில் மெத்தென்ற துண்டாகப் பார்த்து எடுத்து, வாயில் வைத்து, நிதானமாக மென்றான்.

போதகரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அடேயப்பா!" என்றாள் லோசா. "மொதக் கவளத்துலயே!"

கைதட்டல் கூரைத் தகட்டில் மழை மாதிரி அடித்தது. ஆக்லாந்துத் தம்பி கண்ணாடிக்குள் விரல் விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லேமாதுவாவின் நெஞ்சு நிமிர்ந்தது. "பார்த்தீர்களா! இதுதான் குலம்! இதுதான் இரத்தம்! மூதாதையர்கள் இன்று..."

"மாமா" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், சத்தமில்லாமல், ஆனால் கடைசித் தூண் வரைக்கும் கேட்கும்படி. "கறியில உப்பு அதிகம். அவனுக்குத் தண்ணி குடுங்க."

குடம் கைமாறிக் கைமாறி முன்னே வந்தது. லேமாதுவா பாதி வாக்கியத்தில் நின்றார். தடியைத் தம்பியிடம் கொடுத்தார். குனிந்து, சிரட்டையில் தண்ணீர் மொண்டு, பேரன் வாயில் வைத்தார். மானு குடித்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தான்.

சங்கு ஊதாமலே பேச்சை அவர் நடுவில் நிறுத்தியதை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் மூதாதையர் காலத்து வழக்கமாகத்தான் இருக்கும்.